இலை குடித்த இன்ரநெற்

கயிறு கட்டத் தெரியாத நான் போன வெள்ளிக்கிழமை ஒரு கயிறு கட்டினேன். அதனால் பக்கத்து வளவில் ஒரு முருங்கைக்கு மூன்று கிளை போய்விட்டது. எப்படி என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்... சொல்லத்தான் வேண்டும்.

மகள் பிறந்து வேலையை விட்டு மூன்று வருடம். லண்டனில் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் தமிழ் படிப்பிக்கிற ஒரு பள்ளிக்கூடம் என்னைக் கூப்பிட்டது. முதல் தடவை கதைத்தபோது போன் சிக்னல் நாலு இடத்தில் அறுந்தது. சனிக்கிழமை பின்னேரம் இரண்டரைக்கு ஒரு மாதிரி வகுப்பு. அதிலும் அறுந்தால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பண்பாகச் சொல்லிவிட்டார்கள்.

கேபிள் எங்கள் ஒழுங்கைக்கு வர இன்னும் நாலு தூண் நடவேண்டுமாம். ஆகவே புதிதாக வந்திருக்கும் கம்பியில்லா இன்ரநெற். சுன்னாகத்திலிருந்து ஒரு அண்ணை வந்து மேல்விறாந்தைத் தூணில் வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பூட்டினார். சிக்னல் அனுப்பும் கோபுரம் அடுத்த சந்தியில்.

"தங்கச்சி, இது கோபுரத்தைப் பாத்துக்கொண்டே நிக்கவேணும். நடுவிலை இலைகூட வரப்படாது. இலைக்குள்ளை தண்ணி இருக்கெல்லோ, அலையைக் குடிச்சுப்போடும்."

இந்த அலைக்கு வேகம் அதிகம். வளைந்து போகத்தான் தெரியாதாம். வளைந்து போகத் தெரியாத ஒன்று யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் எத்தனை நாள் பிழைக்கும்? மாடிக் கட்டடங்கள் நிற்கிற நகரத்துக்கு இது சரி. எங்கள் நகரத்தில் வீட்டுக்கு ஒரு மா, இரண்டு தென்னை, ஒரு தண்ணீர்த் தாங்கி...

ஆனால் வந்தது! வியாழக்கிழமை முழுதும் பறந்தது.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு ராணியக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "சோக்கான சாமான் பிள்ளை. இந்த ஒழுங்கையிலை உங்களுக்குத்தான் முதல், என்ன?"

அவ்வளவுதான் சொன்னார். இரவு மகள் மூன்று தரம் தும்மினாள்.

நான் பௌதிகம் படித்தவள். நாவூறு, கண்ணூறு என்று ஒன்று இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இருந்துவிட்டால்? சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதே? வெள்ளி காலை சந்தையில் ஒரு சின்ன நீத்துப் பூசினிக்காய் வாங்கி, கரியால் கண்ணும் பல்லும் கீறி, மேல்விறாந்தையில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். பார்க்கிறவர் கண் முதலில் காயில் படவேண்டும் அல்லவா? அதனால் பெட்டிக்கு நேர் முன்னால்.

மத்தியானம் இன்ரநெற் நின்றுவிட்டது. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது...

கோபுரத்தின் பக்கம் பார்த்தேன். சோளகக் காற்றுக்கு ராணியக்காவின் முருங்கை ஆடி ஆடி நடுவில் வந்து போனது. இலை! தண்ணீர்! எனக்கு விளங்கிவிட்டது.

கேட்கலாமா, கூடாதா என்று அவர் வீட்டுப் படலைவாசல் வரை போய் இரண்டு தரம் திரும்பினேன். மூன்றாம் தரம் கேட்டேவிட்டேன். கிளை நிறையக் காய். ராணியக்கா ஒரு நிமிடம் மரத்தைப் பார்த்தார்.

"படிப்பிக்கிறதுக்கெண்டால் வெட்டத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்தார்.

மூன்று கிளை விழுந்தது. வட்டம் நிற்கவில்லை.

சனி காலை அழாக்குறையாகப் போன் எடுத்தேன். பன்னிரண்டு மணிக்கு அந்த அண்ணை வந்தார். மாடிக்கு ஏறினார். நின்றார்.

"தங்கச்சி, உந்தப் பூசினிக்காயை ஆர் கட்டினது?"

"அது... வீட்டுக்கு."

"உதுக்குள்ளை முழுக்கத் தண்ணியெல்லோ."

அவர் அவிழ்த்தார். வட்டம் நின்றது.

என் கணவரைப் பார்த்தேன். வெள்ளி பின்னேரமே காயைக் கண்டாராம். ஏன் ஒன்றும் கேட்கவில்லை? "நீர் பௌதிகம் படிச்சனீர். ஏதும் காரணம் இருக்குமெண்டு விட்டிட்டன்."

இரண்டரைக்கு லண்டனில் ஆறு பிள்ளைகள் ஒரு தடவைகூட அறுபடாமல் 'அ' சொன்னார்கள். இனி ஒவ்வொரு சனியும் நான்தான் டீச்சர்.

வகுப்பு முடிய ராணியக்கா வாசலில். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், வெட்டிய கிளையில் ஆய்ந்தது.

"லைன் வந்திட்டுதோ பிள்ளை?"

"ஓம் அக்கா."

"பாத்தீரே, மரம்தான்."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஓம் அக்கா" என்றேன். கறியும் வைத்தேன். நல்ல காய்.

கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒன்றும் நிற்கக்கூடாது என்றார்கள். இப்போது கோபுரம் பளிச்சென்று தெரிகிறது. அடுத்த வீட்டு முகத்தைத்தான் நேரே பார்க்க முடியவில்லை.

ராணியக்கா பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒவ்வொரு கிழமையும் வாசிக்கிறவர். அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அக்கா, மரம் இல்லை, பூசினிக்காய். ஆருக்காகக் கட்டினதெண்டு மட்டும் கேக்காதேங்கோ.