அம்மன் முகம்

மாசித் தேர் மாத்தளை வீதியில் வரும்போதெல்லாம் சிவநந்தினி காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அம்மன் இறங்கிவிட்டாள் என்று பெண்கள் மஞ்சள் நீர் ஊற்றிக் குறி கேட்பார்கள். மேளத்தை இன்னும் ஓங்கி அடிக்கச் சொல்வான் கணவன் அழகுமுத்து. கடைசியில் அவள் மயங்கி விழுவாள்.

நாற்பது வயதில், காது வலி என்று கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனவளை, காதில் குறை எதுவும் இல்லை என்று மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் பலமுறை வரவழைத்துப் பேசிப் பார்த்து, இது பிறவியிலேயே உள்ள ஓட்டிசம் என்றும், அதனால்தான் மேளச் சத்தம் அவளை நெருப்பாய்ச் சுடுகிறது என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கண்ணீர் நிற்கவேயில்லை.

“அப்ப அம்மன் ஒருநாளும் என்கிட்ட வரலையாங்க?”

வெளிச் சத்தம் கேட்காதபடி அழகுமுத்து அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினான்.

இந்த வருஷத் தேரன்று, மஞ்சள் குடத்தோடு வந்த பெண்களை அவன் வாசலிலேயே மறித்தான்.

“சாமிக்கே கதவைச் சாத்துறீங்களாண்ணே?”

“அது சாமி இல்லம்மா. அவ வலியில கத்துனா. நாமதான் கும்பிட்டுக்கிட்டு நின்னோம்.”

மறுநாள், மேளம் ஓய்ந்து கூட்டமும் கலைந்த பிறகு, அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். அமைதியான சந்நிதியில் அவள் வெகுநேரம் இமைக்காமல் நின்றாள்.

“இன்னைக்குத்தாங்க அம்மா முகத்தையே பாக்குறேன்,” என்றாள்.