மேலிருந்து பார்த்தால் பச்சை தெரியக் கூடாது

போன வாரம் மிளகு வாங்கக் கொல்லிமலைக்குப் போயிருந்தேன். வருஷா வருஷம் போவதுதான். அங்கே ஆலத்தூர் நாடு என்ற ஊர்த்தொகுதியில் வெள்ளையம்மா என்று ஒரு விவசாயி. அவர் மிளகை ரசத்தில் போட்டவர்கள் கடை மிளகைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

தோட்டத்துக்குள் நுழைந்ததும், வழி மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம். வெயில் சுள்ளென்று அடித்தது. அந்தத் தோட்டத்தில் நான் வெயிலையே பார்த்ததில்லை.

பலா, சில்வர் ஓக்... எல்லாம் மொட்டை. கிளைகள் தரையில் கிடந்தன. கூடவே பலாப் பிஞ்சுகளும். மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி, இலை கருகித் தொங்கியது. கொடிக்கு வெளிச்சம் விழ வருஷம் ஒரு முறை கொஞ்சம் கிளை கழிப்பார்கள். இது கொஞ்சமா?

விஷயம் இதுதான். காட்டு நிலங்களைப் பாதுகாக்கும் சட்டத்தைத் திருத்தப் போகிறார்களாம். செம்மேட்டில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். பட்டா இல்லாத நிலங்களை வானத்திலிருந்து படம் எடுப்பார்களாம். மரம் அடர்ந்திருந்தால் அது பாதுகாக்கப்பட்ட காடு — உள்ளே விவசாயம் கூடாது. மரம் இல்லாவிட்டால் விவசாய நிலம் — பட்டாவுக்கு மனுப் போடலாம்.

வெள்ளையம்மா குடும்பம் மாமனார் காலத்திலிருந்து பாடுபடும் நிலம் இது. பட்டா கிடையாது. பக்கத்து நிலம் கொழுந்தனாருடையது. அவர் மரங்களை எப்போதோ வெட்டிவிட்டு மரவள்ளி போட்டுவிட்டார்.

கூட்டத்தில் எழுந்து வெள்ளையம்மா கேட்டிருக்கிறார் — வெட்டினவருக்கு நிலம் உண்டு, வளர்த்த எனக்குக் கிடையாதா?

கூட்டத்தை நடத்தியவர் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. நல்ல மனுஷர்தான் போல. மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றாராம். கருத்துக் கேட்டாயிற்று அல்லவா, கூட்டமும் முடிந்தது.

இப்போதெல்லாம் மரத்தை வெட்டினால் கேஸ். கிளை கழித்தால் யாரும் கேட்பதில்லை. வெள்ளையம்மா ஊருக்கு வந்து அரிவாளை எடுத்துவிட்டார்.

“மேல இருந்து பாத்தா பச்சை தெரியக் கூடாதுங்கண்ணா. மொளகு போனாப் போவுது. நெலம் போச்சுன்னா நாங்க எங்கீங்க போறது?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல. காட்டைக் காப்பாற்ற ஒரு சட்டம். அது இன்னும் வரவே இல்லை. வரப் போகிறது என்ற செய்திக்கே ஒரு தோப்பு காலி! ஏசி ரூமில் உட்கார்ந்து இதை எழுதியவர்கள், இந்த மரங்களை யார் வளர்த்தார்கள் என்று ஒரு தடவையாவது யோசித்திருப்பார்களா?

எனக்கென்று எடுத்து வைத்திருந்த மிளகைக் கொடுத்தார். அடுத்த வருஷம் வர வேண்டாம் என்றார்.

கிளம்பும்போது பார்த்தேன். வாசலோரம் கறுப்புப் பையில் இரண்டு பலாக் கன்றுகள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்களாம் — மலையைப் பசுமையாக்க.

“ஏனுங்கண்ணா, இதை நட்டு வெக்கட்டுங்களா?”

‘மரம் நடுங்கள், மரம் நடுங்கள்’ என்று இதே பக்கத்தில் வருஷக்கணக்காக உங்கள் உயிரை வாங்கியவன் நான்.

“வேண்டாம்மா” என்றேன்.