கை கழுவிய தண்ணீரில் வளர்ந்த வேம்பு

தாராவியில் தோல் கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் சந்து. அங்கே தெரசம்மாள் இட்லி கடைக்கு ஒரு சட்டம் உண்டு. சாப்பிட்டவர்கள் வாசலில் நிற்கும் வேம்பின் மூட்டில், அதன் அடியில்தான் கை கழுவ வேண்டும். சாக்கடையில் கழுவியவருக்கு மறுநாள் சட்னி கிடையாது. கடை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு அடுப்பு, ஒரு இட்லிக் கொப்பரை, உட்கார ஒரு பலகை, அவ்வளவுதான்.

தெரசம்மாளுக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். கணவர் ஏசுதாஸ் கிடங்கில் தோலுக்கு உப்புப் போடுகிறவர். கல்யாணம் முடிந்து பம்பாய் வந்த முதல் கோடையில், தகரக் கூரையின் சூடும் அடுப்பின் சூடும் சேர்ந்து தெரசம்மாள் மயங்கி விழுந்துவிட்டாராம். அன்றிலிருந்து அவர் கேட்டதெல்லாம் வாசலில் கொஞ்சம் நிழல். சேலையோ நகையோ கேட்டிருந்தால் எப்படியாவது வாங்கிக் கொடுத்திருப்பேன், நிழலை எந்தக் கடையில் வாங்குவது என்று ஏசுதாஸ் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

1963 மழைக்காலத்தில் வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழாவுக்கு முனிசிபாலிட்டி வண்டி ஒன்று வந்தது. ஷிண்டே என்ற தோட்டக்காரர் எங்கள் சந்தில் சில வேப்பங்கன்றுகளை நட்டார். இது உப்பு மண், இங்கே மரம் நிற்காது என்று ஆபீசில் சொல்கிறார்கள், ஒன்றாவது இரண்டு கோடை தாண்டினால் சந்து முழுவதற்கும் கன்றும் இரும்பு வேலியும் தருவார்கள், இல்லையென்றால் இனி இந்தப் பக்கம் வண்டி வராது என்று ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்றை ஆடு தின்றது. ஒன்றில் துணி காயப் போடக் கயிறு கட்டினார்கள், ஒடிந்துவிட்டது. மற்றவற்றின் மூட்டில் கிடங்கில் கூட்டிய உப்பைக் கொட்டினார்கள். தெரசம்மாள் வாசலில் இருந்தது மட்டும் மிஞ்சியது. அதைச் சுற்றி அவர் தார் டிரம்மை வெட்டி நிறுத்தினார். குழாயில் ஒரு குடம் பிடிக்கவே சண்டை நடக்கிற இடத்தில் மரத்துக்குத் தண்ணீர் ஏது? அதனால்தான் கை கழுவும் சட்டம் வந்தது. இட்லி தின்ன வருகிறவன் எல்லாம் முனிசிபாலிட்டி தோட்டக்காரன் ஆகிவிட்டான் என்று ஏசுதாஸ் கேலி செய்தார். ஆனாலும் வேலை முடிந்து வந்ததும் அவரே முதலில் அங்கே போய்த்தான் கால் கழுவினார்.

இரண்டாவது கோடை வருவதற்குள் வேம்பு கூரைத் தகரத்தைத் தொட்டுவிட்டது. அந்தக் கோடையைத் தாண்டினால் போதும். அப்போதுதான் சந்தில் சின்னம்மை வந்தது.

முதலில் தெரசம்மாளுக்குப் பக்கத்து வீட்டு இசக்கியம்மாளின் மகனுக்குப் போட்டது. எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் வீட்டில் அம்மை வந்தால் வாசலில் வேப்பங்குழை செருகாமல் இருக்க மாட்டார்கள். மாதுங்கா பூக்கடைகளில் குழை கிடைக்கும். ஆனால் அம்மை கண்ட வீட்டுக்காரி வெளியே போகக் கூடாது. இசக்கியம்மாள் தன் வாசலில் நின்றபடியே கேட்டார்.

“எக்கா, ஒரே ஒரு கொப்பு. நீ மாதா கோயிலுக்குப் போறவ, ஒனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு தெரியும். எனக்கு வேற ஆரு இருக்கா?”

தெரசம்மாள் தன் கையாலேயே ஒரு கொப்பு ஒடித்துக் கொடுத்தார்.

அது புதன்கிழமை. தெரசம்மாள் நவநாள் ஜெபத்துக்கு மாகிம் மாதா கோயிலுக்குப் போய்விட்டார். இசக்கியம்மாள் வாசலில் பச்சைக் குழையைப் பார்த்த மற்ற வீட்டுக்காரர்கள், தெரசா கொடுக்கிறாள் போல என்று நினைத்துவிட்டார்கள். அம்மை வந்த வீடும் எடுத்தது, வரக் கூடாது என்று பயந்த வீடும் எடுத்தது. எதிர்வீட்டு ஆபிதா தன் பிள்ளையின் படுக்கையில் போடக் கொஞ்சம் எடுத்தார். தெரசம்மாள் திரும்பி வந்தபோது டிரம்முக்குள் ஒரு குச்சிதான் நின்றது. சந்தில் எல்லா வாசலும் பச்சையாக இருந்தது. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: நான் ஒரு கொப்புதான் எடுத்தேன். அதில் யாரும் பொய் சொல்லவில்லை.

தெரசம்மாள் சண்டை போடவில்லை. மறுநாள் இட்லியைத் தட்டில் வைத்தார். ஒருவர் வழக்கம்போல மரத்தடிக்குப் போனபோது மட்டும் சொன்னார்.

“இனி எங்க வேணாலும் கழுவுங்க. அங்க என்ன இருக்கு?”

 அந்த மனிதர் அங்கேயே கழுவினார். பின்னால் வந்தவர்களும் அங்கேதான் கழுவினார்கள். அது பழக்கமா, பயமா, வெட்கமா என்று எனக்குத் தெரியவில்லை.

இசக்கியம்மாளின் மகனுக்கு அம்மை இறங்கி, மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடக் கூடாது, கழித்த குழையைக் காலில் மிதிபடப் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மரத்தடியில்தான் சேர்க்க வேண்டும். சந்தில் இருந்ததோ அந்தக் குச்சி ஒன்றுதான். இசக்கியம்மாள் தெரசம்மாளின் முகத்தைப் பார்க்காமல் வந்து, தண்ணீரை ஊற்றி, வாடிய குழையை மூட்டில் போட்டுவிட்டுப் போனார். அடுத்தடுத்த வீடுகளும் அப்படியே செய்தன. ஆபிதாவும் தான் எடுத்ததைக் கொண்டுவந்து போட்டார். உப்பு மண்ணின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு இலைக்குப்பை சேர்ந்தது. அதன் பிறகு யாரும் அங்கே உப்பைக் கொட்டத் துணியவில்லை.

பங்குனி முடிவதற்குள் குச்சியின் நுனியில் செம்பு நிறத்தில் துளிர் வந்தது. முதலில் பார்த்தது ஏசுதாஸ். பார்த்ததும் மனைவியைக் கூப்பிடவில்லை, காலைக் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார். தெரசம்மாளே பார்க்கட்டும் என்று விட்டாராம்.

மழைக்கு முன்னால் ஷிண்டே வந்தபோது மரத்தில் இலை நிறைந்திருந்தது. அவர் இலையைத் தடவிப் பார்த்து, ஆபீசில் சொல்லிவிடுகிறேன், என்ன மரம் வேண்டும் என்று கேட்டார். இந்தச் சனத்தை நம்பி வேம்பு வைக்க முடியாது, பாதாம் மரம் கொடுங்கள் என்றார் தெரசம்மாள்.

இசக்கியம்மாள் விடவில்லை.

“வேம்புதான் வேணும். எல்லா வாசல்லயும் ஒண்ணு நின்னா, ஒன் மரத்த எவ தொடுவா?”

தெரசம்மாள் சந்தின் வாசல்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஷிண்டேயிடம் திரும்பி, சரி, வேம்பே கொடுங்கள் என்றார்.

இது நடந்து நாலு வருஷம் ஆகிறது. சந்தில் இப்போது பல வாசல்களில் வேம்பு நிற்கிறது. அதற்குப் பிறகும் ஒரு தடவை அம்மை வந்தது. அப்போது எந்த மரமும் மொட்டையாகவில்லை. மத்தியானத்தில் தெரசம்மாள் பலகையை நிழலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து மாவுக்கு உளுந்து புடைக்கிறார். ஒரே ஒரு தொல்லைதான் புதிதாக வந்திருக்கிறது. சாப்பிட்டவர்கள் கை கழுவ அவரவர் வாசல் மரத்துக்கு ஓடிவிடுகிறார்கள். என் மரத்துக்குத் தண்ணி காணாமல் போச்சு என்று அவர் புகார் சொல்கிறார். சொல்லும்போது சிரிக்கிறார்.