பதினாலு பதிமூணில் ஒரு சர்வீஸ்

பேருந்துப் பணிமனைக்குள் தேநீர் வண்டி வரும்போது அவர் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்பார். முன்னால் ஆளே இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் தயங்கி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். என்றைக்காவது மறந்துபோய் முதலில் நீட்டிவிட்டால் போதும், பேட்டரி பிரிவிலிருந்து ஒருவன் உதட்டைக் குவித்து "ப்பீப்" என்று சத்தம் எழுப்புவான்.

"பஸ்ஸர் அண்ணே, உங்க முறைதானா? யாரையாவது கேட்டுக்கிட்டு கிளாஸைத் தொடுங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்த நகைச்சுவைக்கு இருபத்து மூன்று வயது. அவர் பணிமனையில் சேர்ந்த மாதம் பிறந்தது. வேறு ஆட்கள் வந்து, ஓய்வு பெற்று, செத்தும் போனார்கள். அது மட்டும் வாரிசு வாரிசாகக் கைமாறி வந்துகொண்டிருந்தது.

அவருக்கு டயர் பிரிவில் வேலை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்தது. பேருந்துச் சக்கரத்தைக் கழற்றி, இரும்பு வளையத்தை நெம்புகோலால் விலக்கி, டியூபை உருவித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பார். மற்றவர்கள் இரண்டு பேராகச் சேர்ந்து புரட்டும் சக்கரத்தை இவர் தனியாக நிமிர்த்தி நிறுத்துவார். ஐம்பதை நெருங்கியும் வலது தோள் இடதைவிட ஒரு விரல் உயரம் தூக்கலாகவே இருந்தது. ஒரு காலத்தில் நாட்டின் ஆண்கள் வாலிபால் அணிக்காக எட்டாம் எண் சட்டை போட்ட தோள் அது.

அவர் வீட்டு மாடியில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை நம்பி வாலிபால் சங்கம் எனக்கு ஒப்பந்த வேலை ஒன்று கொடுத்திருந்தது. அணி தொடங்கி ஐம்பது ஆண்டு நிறைவதால் அதன் வரலாற்றைத் தொகுக்க வேண்டும். ஆடிய ஆட்டம், வென்றது, தோற்றது, ஒவ்வொரு தொடரிலும் போன பன்னிரண்டு பேர், எல்லாவற்றையும் ஒரே புத்தகமாக்க வேண்டும்.

வரலாறு என்று சொன்னாலும் அதில் மார்தட்டிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் வெளிநாட்டு ஆட்டத்தில் கால்பந்து அணியின் பழைய சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போய், மூன்று செட்டும் தோற்று வந்தார்கள். இடையில் சங்கம் இரண்டாக உடைந்து, இரண்டு சங்கமும் ஆளுக்கொரு அணியை அனுப்ப, விமான நிலையத்திலேயே இரண்டையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு ஆட்டம். வென்றது எண்பத்தொன்று. அண்டை நாடுகளோடு ஆடிய தொடரில் இரண்டு வெண்கலம். உலகப் போட்டிக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஒரே ஒருமுறை வாசல்படிவரை போனார்கள். போய், கதவு திறக்கிற நேரத்தில் தோற்றார்கள்.

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் படித்த எல்லா இடத்திலும் காரணம் ஒரே வரியில் இருந்தது. 'எட்டாம் எண் ஆட்டக்காரர் முறை தவறி சர்வீஸ் போட்டதால் வெற்றி கை நழுவியது.'

என் கீழ்வீட்டுக்காரர்தான் அந்த எட்டு என்று தெரிந்த நாளில் அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவரே ஒரு மாலையில் படியேறி வந்தார். கையெல்லாம் சோப்பு வாசம். அதற்கடியில் ரப்பர் வாசம்.

"தம்பி, அந்த மேட்சு வரைக்கும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் அண்ணே."

"என்ன எழுதப் போறீங்க?"

நான் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, என் மேசையிலிருந்த ஆறு பேனா மூடிகளை எடுத்து இரண்டு வரிசையாக அடுக்கினார்.

"எதிராளி சர்வீஸ் போடும்போது நாம பாயிண்ட் எடுத்தா, ஆறு பேரும் ஒரு எடம் நகரணும். நகர்ந்து வர்றவன்தான் அடுத்த சர்வீஸ். இதுல முறை மாறக் கூடாது. ஸ்கோர் எழுதறவர் தாள்ல வரிசை இருக்கும். மாறிப் போட்டா பஸ்ஸரை அமுக்குவார். பாயிண்ட் அவனுக்குப் போயிடும். இவ்ளோதான் விஷயம்."

பிறகு அன்றைக்கு நடந்ததைச் சொன்னார். கடைசி செட். இரண்டு பக்கமும் பதின்மூன்று. எதிரணி சர்வீஸ். பந்தை நம்மவர்கள் அடித்து முடித்துவிட்டார்கள். கட்டிப்பிடித்துக்கொண்டு, ஆறு பேரும் ஓர் இடம் நகர்ந்தும் விட்டார்கள். அப்போது நடுவர், பக்கத்துத் தளத்திலிருந்து உருண்டு வந்த ஒரு பந்தைக் காட்டி, அந்தப் பாயிண்ட் செல்லாது, மறுபடி ஆடுங்கள் என்றார். நகர்ந்தவர்கள் பழைய இடத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். வாக்குவாதத்தில் யாரும் திரும்பவில்லை. நடுவர்களும் கவனிக்கவில்லை. மறுபடி ஆடினார்கள், மறுபடி பாயிண்ட் எடுத்தார்கள், மறுபடி ஓர் இடம் நகர்ந்தார்கள். பதினாலு பதிமூணு. இன்னும் ஒரு பாயிண்ட். பந்து இவர் கைக்கு வந்தது.

"வாங்கின உடனே பொறி தட்டுச்சு தம்பி. எனக்கு முன்னால போட வேண்டியவர் கேப்டன். அவர் இன்னும் போடல. பக்கத்துலதான் நின்னார். 'மச்சான், இது உங்க முறை இல்ல?'ன்னு கேட்டேன். ஸ்கோர் மேசையில போய்க் கேக்கற உரிமை கேப்டனுக்கு மட்டுந்தான். நாங்க யாரும் கேக்க முடியாது. கேட்டா நடுவர் அட்டையைக் காட்டுவார்."

"அவர் என்ன சொன்னார்?"

"'அடிடா'ன்னார்."

அடித்தார். எதிரணியின் மூலையில், ஒருவர் விரலும் படாமல் பந்து விழுந்தது. அது காற்றில் இருக்கும்போதே பஸ்ஸர் கத்தியது. பதினாலு பதினாலு. அடுத்த இரண்டும் அவர்களுக்கு. இவர் அதற்குப் பிறகு அந்தச் சட்டையைப் போடவே இல்லை. கேப்டன் இன்னும் நான்கு வருடம் ஆடினார். இப்போது சங்கத்தின் செயலாளர். என் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அதோடு, மச்சான் என்றது சும்மா வாய்ப்பேச்சும் இல்லை. அவர் தங்கையைத்தான் இவர் கட்டியிருந்தார்.

"இதை ஏன் அண்ணே இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கிட்ட சொல்றது? பொண்டாட்டிகிட்டப் போய் உன் அண்ணன்தான்னு சொல்றதா?" பேனா மூடிகளைத் திரும்ப அதனதன் பேனாவில் பொருத்தினார். "அவரும் மறந்திருப்பார், பதற்றத்துல காதுல விழுந்திருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். பேப்பர்க்காரன்தான் பழியை என் தலையில கட்டினான்னு அவரே சொல்வார். நான் தப்பே பண்ணலன்னு எழுத வேணாம் தம்பி. போட்டது நான்தான். ஆனா நான் கேட்டேன். கேட்டேன்னு ஒரு வரி. அது போதும்."

சங்க அலுவலகத்தின் பின்னறையில், கிழிந்த வலைகளுக்கும் காற்றுப் போன பந்துகளுக்கும் நடுவே ஸ்கோர் தாள்கள் மூட்டையாகக் கிடந்தன. எலி தின்றது போக மிச்சத்தைப் பிரிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அந்த ஆட்டத்தின் தாள் முழுதாக இருந்தது. பதினாலு பதிமூணில் வர வேண்டிய எண் மூன்று, அதாவது கேப்டன். அதுவரை அவர் சொன்னது அப்படியே சரி. தாளின் அடியில் குறிப்புகளுக்கென்று ஒரு கட்டம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் கேப்டன் ஏதாவது பதிய விரும்பினால் அதில் எழுதலாம். எழுதியிருந்தார். என் ஒப்பந்தத்தில் நான் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து.

'எட்டாம் எண் ஆட்டக்காரர் என்னைக் கேட்காமல் சர்வீஸ் போட்டார்.'

பத்திரிகைக்காரர்கள் யாரும் எதையும் தலையில் கட்டவில்லை. இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

நகல் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கக் கூடாது என்பதுபோல மெதுவாக, "ஞாயித்துக்கிழமை மச்சானை வரச் சொல்றேன். நீங்களும் இருங்க," என்றார்.

செயலாளர் வந்தார். தங்கை கணவர் கொடுத்த தாளைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வாசித்தார். தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"எங்கேருந்து கிண்டினீங்க இதை?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவரை விடுங்க மச்சான். நான் அன்னிக்குக் கேட்டேனா இல்லையா?"

"மாப்ள, அது தோத்த வெறியில எழுதினது. கோச்சு என் தலைமேல நின்னு கத்தினார். என்னமோ எழுதினேன்."

"நான் கேட்டது உங்க காதுல விழுந்துச்சா? அதைச் சொல்லுங்க."

அக்கா கையில் மடித்த துணியோடு உள்ளறை வாசலில் வந்து நின்றார்.

"விழுந்துச்சு," என்றார் செயலாளர். "அது என் முறைன்னு எனக்கும் தெரியும்டா. அந்த சர்வீஸை நெட்டுல போட்டுடுவேன்னு பயம். பந்து உன் கையில இருக்கறதைப் பார்த்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்கா தன் அண்ணனையே பார்த்தார். "உன் கல்யாணத்துல இவரை உக்கார வச்சுக்கிட்டு, உன் சிநேகிதனுங்க பஸ்ஸர் சத்தம் போட்டாங்களே அண்ணா. நீயும் சேர்ந்து சிரிச்சியே."

"சிரிக்காம என்னம்மா பண்றது?"

"நானும் சிரிச்சேன்," என்றார் அக்கா. "அவர் தப்புன்னு நெனச்சுச் சிரிச்சேன்."

செயலாளர் எழுந்து தங்கை கணவரின் தூக்கலான தோளில் கை வைத்தார். "புத்தகத்துல சரி பண்ணிடறேன் மாப்ள. உன் பேர்ல இனி ஒரு கெட்ட வார்த்தை இருக்காது. என் பொறுப்பு."

அன்று மாலையே அந்தப் பக்கத்தை எழுதினேன். நடந்தது நடந்தபடி, கேள்வியும் பதிலுமாக. திங்கட்கிழமை செயலாளர் அதை நின்றுகொண்டே வாசித்தார்.

"நல்லா எழுதறீங்க. படிச்ச பிள்ளை எழுத்து தெரியுது. ஆனா ஐம்பதாண்டு மலர்ல இந்தச் சண்டையெல்லாம் எதுக்கு? 'அவ்வாண்டு அணி உலகப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை'ன்னு ஒரு வரி போதும்."

"அப்போ அண்ணன் கேட்டது, சார்?"

"தப்பு பண்ணார்னு இருந்தாத்தானே, கேட்டார்னு போடணும்? தப்பையே எடுத்துட்டோமே. அப்புறம், அந்த வருஷத்து பன்னிரண்டு பேர் பட்டியல். அதுல அவர் பேர் இருந்தா, இவர்தானே அவர்னு எவனாவது ஆரம்பிப்பான். அதையும் எடுத்துடுங்க. அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்." மேசை இழுப்பறையைத் திறந்து மூடினார். "உங்க வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேல எழுதியிருக்கேன். இந்த வாரம் வந்துடும்."

இது உங்கள் முறை இல்லையா என்று ஒரு மனிதர் இருபத்து மூன்று வருடத்துக்கு முன் கேட்டாரே, அதில் பாதி தைரியம் எனக்கு அப்போது வந்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். "சரி சார்," என்றேன். பெயரை அடித்தது என் பேனாதான்.

புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், தங்க எழுத்து அட்டை. வெளியீட்டு விழாவுக்குக் கீழ்வீட்டு அண்ணனுக்கு அழைப்பு வரவில்லை. பட்டியலில் இல்லாதவருக்கு அழைப்பு அனுப்ப எந்த எழுத்தருக்குத் தோன்றும்? பணிமனைத் தொழிற்சங்க அறைக்கு இலவசமாக ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். பேட்டரி பிரிவு ஆட்கள் அதைப் புரட்டிப் புரட்டித் தேடியிருக்கிறார்கள்.

மறுநாள் தேநீர் வண்டி வந்தபோது, அவர் வீட்டில் வைத்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க நான் அங்கே போயிருந்தேன். அவர் என்ன நினைத்தாரோ, வேண்டுமென்றே நேராக முன்னால் போய்க் கையை நீட்டினார். யாரும் சத்தம் எழுப்பவில்லை.

"ஏண்ணே," என்றான் ஒருவன். அவன் குரலில் கிண்டல்கூட இல்லை. "நீங்க அந்த டீம்லயே இல்லியாமே? புக்குல பதினோரு பேர்தான் இருக்காங்க. இத்தனை வருஷம் சும்மாவா எங்க கேலியை வாங்கிக்கிட்டிருந்தீங்க?"

"ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை எப்படி வாங்கினார்னு யாராவது கேட்டீங்களாடா?" என்றான் இன்னொருவன்.

அவர் கிளாஸை எடுத்துக்கொண்டு டயர் பிரிவுக்குத் திரும்பி நடந்தார். நானும் பின்னால் போனேன். பெஞ்சில், காற்றளவு மானியின் அருகே, தொழிற்சங்க அறைப் புத்தகம் கிடந்தது. அவர் ஏற்கெனவே எடுத்துவந்து பார்த்திருக்கிறார். முதல் பக்கத்தில் கட்டைவிரல் கறை.

"அண்ணே, நான்..." என்று தொடங்கினேன்.

"தொகுத்தவர்னு உங்க பேரைப் பெருசாப் போட்டிருக்காங்க தம்பி," என்றார். "பேருக்குப் பின்னால பட்டமும் இருக்கு. ஊர்ல அப்பாவுக்கு ஒண்ணு அனுப்புங்க. சந்தோஷப்படுவார்."

கிளாஸை வைத்துவிட்டு, ஒரு டியூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழி ஒன்றும் வரவில்லை. அப்படியும் நெடுநேரம் அமுக்கியபடியே குனிந்திருந்தார். நான் சாவியைப் பெஞ்சில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதக் கடைசியில் வேறு வீடு பார்த்துக்கொண்டேன். அப்பாவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன்.