மாதாவுக்கு மட்டும் தெரிந்த பெயர்

சென்ற வருடக் கடைசியில் என் மகள் சுமதியின் ஆண் குழந்தை பிரசவத்திலேயே இறந்துவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்வதில்லை என்பது எங்கள் குடும்ப வழக்கம். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

சைவ சமயத்தவளான அவள் புதன்தோறும் கொட்டாஞ்சேனையில் ஒரு மாதா கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். எண்ணிப் பார்த்தேன், என்னிடம் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைதான். அந்தச் சிலையிடமோ மணிக்கணக்கில்! மருமகன் மீதுகூட வராத பொறாமை எனக்கு மாதா மீது வந்தது.

ஒரு புதன்கிழமை அடுத்த பஸ்ஸில் போய், அவளுக்குப் பின்னாலிருந்த மர வாங்கில் சத்தமில்லாமல் அமர்ந்தேன்.

"தாயே, இந்நேரம் கவினுக்குப் பல்லு முளைச்சிருக்கும்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என் பேரனுக்கு ஒரு பெயர் இருந்ததே எனக்குத் தெரியாது. நான் மூக்கை உறிஞ்சிய சத்தத்தில் அவள் திரும்பினாள்.

"அப்பா! வேவு பார்க்க வந்தனீங்களோ?"

"மாதாவுக்குத் தெரிஞ்ச பேரை எனக்கு ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள்தானே கதைக்க வேண்டாமெண்டனீங்கள்."

இப்போது இருவரும் சேர்ந்தே போகிறோம். பஸ்ஸிலேயே கவினைப் பற்றிக் கதைப்போம். மாதாவுக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடுகிறாள் என்பதில் எனக்கொரு திருப்தி. பேரப்பிள்ளைகள் எத்தனை என்று கேட்பவர்களிடம் முன்பு மூத்த மகனின் இரண்டு பிள்ளைகளை மட்டும் சொல்வேன். இப்போது மூன்று என்கிறேன்.