செல்வியின் ஒன்பதாவது விரல்

1. முதல் கியர் ஆள்

தொடர் ஓட்ட அணிக்கு வண்டி ஓட்டும் வேலைக்கு என்னைக் கூப்பிட்டபோது, அருப்புக்கோட்டையில் இதற்கு என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இருபது வருடம் தண்ணி லாரி ஓட்டியவன் நான். தெருவெல்லாம் குடமும் ஆளுமாக நெருக்கியடிக்கும்போது, ஒரு குடம்கூட நசுங்காமல் முதல் கியரில் நகர்த்திக்கொண்டு போயிருக்கிறேன். ஓடுகிற ஆளுக்குப் பின்னால் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போவது எனக்குப் பெரிய வித்தை இல்லை.

அணியில் பன்னிரண்டு பேர். ஆளுக்கு எட்டு கிலோமீட்டர். கையில் உள்ள கட்டையை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். நடுவில் யாராவது வண்டியில் ஏறிவிட்டால் அணியே அவுட். கட்டை மாற்றும் இடத்தை மட்டும் அணியே முடிவு செய்துகொள்ளலாம். ஒரே வண்டி என்பதால், அடுத்து ஓட வேண்டியவரை முன்னால் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து ஓடுகிறவருக்குப் பின்னால் போவேன்.

2. என் மீட்டர்

முதல் போட்டிக்கு முந்தின நாள், திருச்சுழியில் தொடங்கி, தூத்துக்குடி ரோட்டில் ஓட்டம் முடிகிற எல்லை வரை போய், எட்டு கிலோமீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டேன். அணியை நடத்திய பி.டி. சார், "போன்லயே அளந்துக்கலாம்ணே" என்றார்.

"போன் சிக்னலுக்குத் தக்கன பேசும் சார். என் மீட்டரு அப்படி இல்ல."

போட்டி நடத்துகிறவர்கள் கொடுத்த தாளில் மொத்த தூரம் தொண்ணூற்றாறு என்று இருந்தது. என் மீட்டரில் தொண்ணூறுதான் வந்தது. தாளை அடித்தவன் தூங்கிக்கொண்டே அடித்திருப்பான் என்று சொல்லிவிட்டேன். கடைசி ஆளான மூக்கையாவிடம், "உமக்கு ரெண்டே கிலோமீட்டருதான்யா, வெத்தலை போட்டுக்கிட்டே ஓடலாம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

3. பந்தல்குடிக்கு அப்பால்

காலை ஆறு மணிக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம். கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் வந்து சேர ஒன்பது ஆகிவிட்டது. அதனால் நான்காவது ஆளான செல்விக்கு உச்சி வெயில் வாய்த்தது.

செல்வி விசைத்தறியில் வேலை பார்க்கிறவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். தறியில் மாட்டிக்கொள்ளும் என்று கையில் வாட்ச் கட்டமாட்டாள். ஓடும்போது ஆயிரம் காலடிக்கு ஒரு விரலாக மடக்கி எண்ணுவாள். ஒன்பது விரல் ஆனால் எட்டு கிலோமீட்டர். சார் மைதானத்தில் பலமுறை அளந்து பார்த்த கணக்கு அது.

அடுத்த ஆள் பாண்டியை முன்னால் கோட்டில் இறக்கிவிட்டு வந்திருந்தேன். பந்தல்குடி தாண்டி லாரிகள் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தன. திடீரென்று செல்வி வேகம் பிடித்தாள். முடிக்கிற வேகம். என் மீட்டர் கணக்கில் ஏழரைதான் ஆகியிருந்தது. வண்டியை அருகில் விட்டு, "ஏன் தாயி அவசரப்படுற?" என்றேன்.

"ஒம்போது விரலு ஆயிருச்சுண்ணே. பாண்டியை எங்க காணோம்?"

"இன்னும் அரைக் கிலோமீட்டரு கெடக்கு. வெயில்ல எண்ணிக்கை பிசகியிருப்ப."

அவள் மேலே ஓடினாள். இருந்ததை எல்லாம் அந்தக் கடைசி வேகத்தில் செலவழித்துவிட்டாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அவள் பனியனைப் பார்த்தேன். முதுகில் ஈரமே இல்லை, உப்புதான் வெள்ளைக் கோடு கோடாகப் படிந்திருந்தது. கால் வலது பக்கமாக, லாரிகள் போகிற பக்கமாக இழுத்தது.

"சார், பாண்டிக்குப் போன் போடுங்க. கோட்டுல நிக்க வேண்டாம், எதுக்க ஓடியாரச் சொல்லுங்க!"

வண்டியை அவளுக்கு வலப்பக்கம் கொண்டுவந்து, லாரிக்கும் அவளுக்கும் நடுவில் சுவர் மாதிரி நிறுத்தி நகர்த்தினேன். பின்னால் வந்தவர்கள் ஹாரனை விடாமல் அடித்தார்கள். நான் அசையவில்லை. சார் ஜன்னல் வழியே, "செல்வி, நின்னுரு, வண்டியில ஏறு, பரவாயில்ல" என்றார்.

"மாட்டேன் சார்" என்றாள். குரல் உள்ளே போயிருந்தது.

எதிரே பாண்டி பறந்து வந்தான். கட்டை கை மாறியது. அடுத்த நொடி செல்வி மடிந்து விழுந்தாள். குதித்து ஓடி அவளைத் தூக்கி நிழலில் கிடத்தி, கேன் தண்ணீர் முழுவதையும் அவள் தலையிலும் கழுத்திலும் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் குடித்தாள்.

4. டயர்

"வெயிலுதான் காரணம்" என்றார் சார். அப்படியே விட்டிருந்தால் என் பெயர் தப்பியிருக்கும். ஆனால் செல்வி விரல்களை மறுபடி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் எண்ணிக்கைதான் தப்பு என்று நினைத்துவிட்டாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வண்டிச் சக்கரத்தைப் பார்த்தேன். மற்ற நாளில் நான் லோடு அடிக்கிற சொந்த வண்டி அது. கரிசல் பாதையில் லோடோடு புதையாமல் இருக்க, போன மழைக்குத்தான் கம்பெனி அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தேன். சக்கரம் பெரிதானால் சுற்று குறையும், மீட்டர் குறைத்துக் காட்டும். மெக்கானிக் அன்றே சொன்னான். எனக்கா தெரியாது என்று அவன் வாயை அடைத்தவன் நான்தான்.

"ஓம் விரலு சரிதான் தாயி. என் மீட்டருதான் தப்பு. காலையில இருந்து எல்லாரையும் அரைக் கிலோமீட்டரு கூட ஓட விட்டிருக்கேன்" என்றேன். அதைச் சொல்லும்போது அவமானமாகத்தான் இருந்தது. சொன்ன பிறகு அவ்வளவு இல்லை.

மற்ற கோடுகளைப் போனில் அளந்து மாற்றினோம். ரெண்டு கிலோமீட்டர்தானே என்று மதியம் பரோட்டாவை ஒரு பிடி பிடித்திருந்த மூக்கையா ஆறு ஓடினார். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே ஓடினார். ஆனாலும் கட்டை எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நீங்கள் நிழலில் உட்கார்ந்து வருகிறீர்கள். வெயிலில் ஓடுகிற ஆள் ஒன்று சொன்னால், முதலில் உங்கள் வண்டியைச் சந்தேகப்படுங்கள்.

அடுத்த போட்டியன்று செல்வி ஓட வருவாளா என்றே எனக்குச் சந்தேகம். வந்தாள். நேராக என் வண்டியில் ஏறி, காலில் ஒட்டுவதற்காக வைத்திருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து மீட்டர் கண்ணாடி மேல் ஒட்டினாள்.

"இப்ப எடுங்கண்ணே வண்டிய. எம்புட்டு ஓடிருக்குன்னு நான் சொல்றேன்" என்றாள்.