மயில் மூடிப் பெட்டியும் என் மூச்சும்

என்னைத் தென்காசிக்கு மாற்றிக் கடிதம் வந்ததும் சொந்தக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து வாழ்த்தினார்கள். "இனிமே ஒங்களுக்கு என்ன, தினம் குற்றாலக் குளியல்தான்" என்றார்கள். சபைப் போதகர்களுக்கு எங்கள் பக்கத்தில் பெயர் ஐயர், மனைவிக்கு ஐயரம்மா. இந்த ஐயருக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு நோய் உண்டு என்பது ஐயரம்மாவுக்கு மட்டும் தெரியும். மற்ற பேருக்குத் தெரியாமல் நான் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் இருந்தது தேரிக்காட்டுச் சபை. அங்கே மணலும் பனையும் காய்ந்த காற்றும்தான். அந்தக் காற்றில் என் நோய் பாயில் படுத்து நன்றாகத் தூங்கியது.

தென்காசிக்கு வந்தது தை மாதம். வெயில் நன்றாக அடித்தது, நெஞ்சு லேசாக இருந்தது. மூச்சு இருக்கிற போதகன் என்ன செய்வான்? மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்வான். புகை குடிப்பதை நான் பிரசங்கப் பொருளாகப் பிடித்துக்கொண்டேன். பீடி, சுருட்டு எதையும் திட்டாமல் விடவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் புகையிலை நாற்றம் ஆகாது; எனக்கு ஆகாததெல்லாம் பாவம் என்று அந்த வயதில் ஒரு நினைப்பு. மூன்று ஞாயிறு தொடர்ந்து அதையே பேசினேன். பின்வரிசை ஆண்கள் எல்லோரும் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்தது அறுப்பின் பண்டிகை. அன்றைக்கு அவரவர் விளைச்சலில் முதல் பலனைக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், சேனைக்கிழங்கு, காலைக் கட்டிய சேவல் என்று ஒரே சந்தையாக இருக்கும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே மரத்தடியில் ஏலம் போடுவார்கள்.

எங்கள் சபை மூப்பர் இலஞ்சியில் தென்னந்தோப்பு பார்த்துக்கொண்டிருந்தவர். அறுபது வயதிருக்கும். வெள்ளை மீசை, அதன் நடுவில் மட்டும் புகை பிடித்த மஞ்சள். அவர் இரண்டு தேங்காயை வைத்தார். பிறகு இடுப்பிலிருந்து ஒரு பித்தளைப் பெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அது மூடியில் மயில் கொத்திய சுருட்டுப் பெட்டி.

"ஐயா, நாப்பது வருசப் பழக்கம். ஒங்க ஒரு வார்த்தைக்காக இன்னையோட விட்டுட்டேன். இதுவும் காணிக்கைதான்."

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்தேன். என் கண்ணீரில் பக்தி கொஞ்சம்தான். மீதியெல்லாம் என் பிரசங்கத்தை நானே மெச்சிக்கொண்ட பெருமை.

சிக்கல் ஏலத்தில் வந்தது. ஒருவர் விட்ட சுருட்டை இன்னொருவருக்கு ஏலம் போட முடியுமா? பின்வரிசைக்காரர்கள் ஆசையோடு பார்த்த பார்வையைக் கண்டு பெட்டியை வீட்டுக்கே எடுத்துப்போய்விட்டேன். என் மனைவி எதையும் வீணாக்க மாட்டாள். சுருட்டுகளை நறுக்கி, என் பிரசங்கத் தாள்கள் இருக்கும் தகரப் பெட்டியில் பூச்சி அரிக்காமலிருக்கப் பரப்பினாள். மயில் பெட்டியைக் கழுவிக் காயவைத்துச் சமையலறைப் பலகையில் வைத்தாள்.

ஆனி பிறந்தது. மலையிலிருந்து சாரல் இறங்கியது. சாரலோடு விருந்தாளிகளும் இறங்கினார்கள். தென்காசியில் போதகர் வீடு என்றால் அது சமவெளியிலிருக்கும் எல்லாப் போதகர்களுக்கும் சத்திரம். அந்த வருடம் இரண்டு குடும்பம் வந்திருந்தது. ஊர் முழுதும் ஈரக்காற்றை வாயைத் திறந்து வாங்கியது. நானும் வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றும் போகவில்லை. தூங்கிக்கொண்டிருந்த நோய் எழுந்து சோம்பல் முறித்து உட்கார்ந்துவிட்டது.

எங்கள் இரண்டு பெண்களும் அதற்கு வகைவகையாகப் பெயர் வைத்திருந்தார்கள். "அம்மா, அப்பாவுக்கு இன்னைக்குச் சின்ன விசில்தான்" என்பாள் ஒருத்தி. "இல்லட்டி, செங்கோட்டை ரயில் வண்டி வருது, கேளு" என்பாள் இன்னொருத்தி. விருந்தாளிப் போதகர் ஒருவர், "அருவியில தலையக் குடும், எல்லாம் பறந்திரும்" என்று என்னைக் குற்றாலத்துக்கு இழுத்துப்போய்ப் பெரிய அருவியின் அடியில் நிறுத்தினார். பறக்கத்தான் செய்தது, என் உயிர். எலி கடித்த ஆர்மோனியம் போலச் சத்தம் போட்டுக்கொண்டு மாட்டுவண்டியில் திரும்பினேன்.

விடியற்காலைகளில் படுக்க முடியாது. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து ஜெபம் செய்வேன். "ஆண்டவரே, மூச்சைத் தாரும். தந்தால் இன்னும் நீளமாகப் பிரசங்கிப்பேன்."

முதுகைத் தடவிக்கொண்டிருந்த மனைவி சொல்வாள்: "அத மட்டும் சொல்லாதீங்க. அதுக்குப் பயந்துதான் தராம இருக்காரோ என்னவோ."

அவள் சொன்னது பொய்யில்லை. பிரசங்கம் பத்து நிமிடமாகச் சுருங்கியதிலிருந்து சபையில் ஆள் கூடியிருந்தது.

கடைசியில் தென்காசிக் கடைத்தெருப் பக்கம் இருந்த வைத்தியர் பாயிடம் போனோம். அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். பிறகு காய்ந்த இலையைச் சுருட்டிய, விரல் நீளத்துக்கு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"இழுப்பு வரும்போது இதப் பத்தவச்சு ரெண்டு தரம் உறிஞ்சணும், ஐயரே. ரெண்டே தரம்."

"சுருட்டா?" என்றேன்.

"ஊமத்த எல. பொகையில ஒரு துணுக்குக்கூடக் கெடையாது. மூணாந்தரம் உறிஞ்சினா புத்தி கலங்கும், பாத்துக்கிடும். வெளாட்டுச் சாமான் இல்ல."

வழியில் மனைவி சொன்னாள். "ஞாயித்துக்கெழம சபையில சொல்லிருங்க. வைத்தியர் குடுத்த மருந்து, இப்படி இப்படின்னு. முடிஞ்சுபோச்சு."

"பொகையப் பத்தி மூணு வாரம் பேசின வாயால சொல்லச் சொல்லுதியா? மூப்பர் அண்ணாச்சி மொகத்தில எப்படி முழிப்பேன்?"

"அப்ப மூச்சு விடாமலே முழிங்க" என்றாள்.

மூச்சு முட்டியதால் ஒளிந்து பிடிக்க ஆரம்பித்தேன். பின்கட்டில் குளிப்பறை. ஆனால் புகை ஓட்டு வழியே போகுமே? மனைவி அதற்கு வழி கண்டாள். நான் உள்ளே போகும்போதெல்லாம் வெந்நீர் அடுப்பில் ஈர விறகைத் திணிப்பாள். அந்தப் புகையில் என் புகை கரைந்துபோகும். அருவிக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஐயர் ஒரு நாளைக்கு நான்கு தரம் வெந்நீரில் குளிக்கிறார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் வைத்தியர் சொன்னதை மீறி மூன்றாம் தரமும் உறிஞ்சிவிட்டு மாலை ஆராதனைக்குப் போனேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆசீர்வாதம் சொல்லி அனுப்பிய சபையை வாசலிலிருந்து திரும்பக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடி ஆசீர்வதித்தேன். ஐயாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்றார்கள்.

மருந்து கேட்டது. மனசுதான் கேட்கவில்லை. மூப்பர் வாயில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஞாயிறுதோறும் வருவார். "அஞ்சு மாசமாச்சு ஐயா. சாப்பிட்ட ஒடனே கை தன்னால இடுப்புக்குப் போகுது. ஒங்கள நெனச்சுக்கிடுதேன், அடங்கிருது" என்பார். ஊமத்தைப் புகையைவிட அந்தப் பேச்சுதான் என் தொண்டையை வறட்டியது.

ஒரு சனிக்கிழமை பகல். மறுநாள் திருவிருந்து, அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை. குளிப்பறையில் உட்கார்ந்து இரண்டாம் தரம் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். விருந்தாளிகளுக்காகப் பத்து இளநீரைத் தோளில் போட்டுக்கொண்டு மூப்பர் பின்வாசல் வழியாக வந்தார். தோப்புச் சாமான் கொண்டுவந்தால் அவர் எப்போதும் பின்வாசல்தான். குளிப்பறைக் கதவு ஈரத்தில் உப்பிச் சரியாகச் சாத்தாது.

வாயில் கனலோடு நான். என் பக்கத்தில், பலகைக் கல்லின்மேல், மூடி திறந்தபடி மயில் பெட்டி. ஊமத்தைச் சுருட்டுகள் நமுத்துப்போகாமல் இருக்க மனைவி அவற்றை அதில்தான் போட்டு வைத்திருந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். தான் பீடத்தில் வைத்த காணிக்கையை ஐயர் வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் குடித்துத் தீர்க்கிறார் என்றுதான் நினைத்திருப்பார். வேறு எப்படி நினைக்க முடியும்? இளநீரைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்தார்.

"நாளைக்கு நான் திருவிருந்துக்கு வரல்ல ஐயா" என்றார். போய்விட்டார்.

மனத்தாங்கல் உள்ளவர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் திருவிருந்துக்கு வரக்கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அதை அவர் மதித்தார். நாற்பது வருடத்தில் ஒரு திருவிருந்தையும் அவர் தவறவிட்டதில்லை. அவர் இல்லாமல் அந்தக் கிண்ணத்தை நான் எந்தக் கையால் எடுப்பேன்?

"எந்திரிங்க. இலஞ்சிக்குப் போவோம்" என்றாள் மனைவி. விருந்தாளிகளையும் அடுப்பையும் பெண்களிடம் விட்டாள். பெட்டியைக் கூடையில் வைத்தாள். குற்றாலம் போகிறவர்கள் ஊரிலிருந்த வண்டியெல்லாம் பிடித்திருந்ததால் ஒரு குடையில் இரண்டு பேரும் நடந்தோம். வழியெல்லாம் நான் மன்னிப்பு உரை தயாரித்தேன். மூன்று தலைப்பு, ஒரு முடிவுரை. அருமையாக வந்திருந்தது.

மூப்பர் வீட்டு வாசலை அடைந்தபோது அதில் ஒரு வார்த்தையும் வெளியே வரவில்லை. பெண்கள் சொல்லும் அந்தச் செங்கோட்டை வண்டி வந்துவிட்டது. உரலைப் பிடித்துக் குனிந்து நின்றேன். தோள் ஏறி இறங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சுக்குள் சத்தம் மட்டும் கூவுகிறது. மூப்பர் வெளியே ஓடி வந்தார். ஐயருக்கு இழுப்பு என்று அவருக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

"அண்ணாச்சி, பேச்செல்லாம் பெறவு. தீப்பெட்டி இருக்கா?" என்றாள் மனைவி.

"விட்டதிலருந்து தீப்பெட்டி வைக்கிறதில்லம்மா." உள்ளே ஓடி, அடுப்பிலிருந்து இடுக்கியில் ஒரு கங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். மனைவி பெட்டியைத் திறந்து ஒன்றை என் வாயில் வைத்தாள். பற்றவைத்தவர் மூப்பர்தான்.

முதல் புகை வெளியே வந்தது. அவர் மூக்கு நிமிர்ந்தது. நாற்பது வருட மூக்கு அல்லவா?

"இது என் சுருட்டு இல்லியே?"

நான் தலையை ஆட்டினேன்.

"பொகையிலயே இல்லியே! குப்ப மேட்டுக்குத் தீ வச்ச மாதிரில்லா நாறுது! என்னம்மா இது?"

"ஊமத்த எல, அண்ணாச்சி. வைத்தியர் பாய் குடுத்தது. இவுகளுக்குச் சின்ன வயசிலருந்தே இழுப்பு. வெளிய சொல்லக் கூச்சம்."

மூப்பர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய் ஒரு பெரிய இரக்கம் வந்திருந்தது. நோய்க்காக இல்லை. "இந்த நாத்தத்தையா ஐயா ஒளிஞ்சு ஒளிஞ்சு இழுத்திய? ஐயோ பாவம்! சரி, என் சுருட்டு எங்க போச்சு?"

"பிரசங்கப் பெட்டியில. பூச்சிக்கு."

அவர் சிரித்த சிரிப்பில் தென்னையிலிருந்த காக்கை பறந்தது. எனக்கு மூச்சு இறங்கியதும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா ஒண்ணு, ஐயா. நான் சபைக்கு முன்னால வச்சுத்தான் பெட்டிய விட்டேன். நீங்களும் சபைக்கு முன்னாலயே சொல்லிருங்க. அப்பதான் வருவேன்."

மறுநாள் சொன்னேன். மூன்று தலைப்பும் முடிவுரையும் இல்லை. "எனக்கு இழுப்பு. புகைதான் மருந்து. மறைத்தது என் பெருமை. உங்களைத் திட்டியபோது எனக்கு ஆகாததையெல்லாம் பாவக் கணக்கில் சேர்த்துவிட்டேன்" என்று நான்கு வாக்கியம். உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த பிரசங்கங்களில் பூச்சி அரிக்க வழியில்லாதது அது ஒன்றுதான்; எழுதி வைக்கவில்லை. கிண்ணத்தோடு நான் திரும்பியபோது முதலில் வந்து முழங்கால் போட்டது மூப்பர். கிராம்பு மணத்தது.

ஆராதனை முடிந்ததும் பின்வரிசை ஆண்கள் மூன்று பேர் வரிசையாக இருமிக்கொண்டு வந்தார்கள். "ஐயா, எனக்கும் ரெண்டு நாளா நெஞ்சடைப்பு." "எனக்கு ஒரு வாரமா, ஐயா."

"அப்படியாலே? வாங்கலே" என்று மூப்பர் என் ஊமத்தைச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து அவர்கள் மூக்கருகே காட்டினார். மூன்று பேருக்கும் அந்த இடத்திலேயே சுகம் கிடைத்தது. அந்தச் சபையில் நான் கண்ட அற்புதம் அதுதான்.

என் நோய் போகவில்லை. அதற்குப் பிறகு ஆராதனை நடுவே இழுப்பு வந்தால் நான் மூப்பரைப் பார்ப்பேன். அவர் ஒரு கீர்த்தனையைத் தொடங்குவார். சபை பாடும், நான் எல்லோரும் பார்க்கப் பக்கவாசலில் நின்று இரண்டு தரம் உறிஞ்சிவிட்டு வருவேன். சில நாள் கீர்த்தனை முடிந்தும் நான் திரும்பாவிட்டால் கடைசிச் சரணத்தைத் திரும்பப் பாடுவார்கள்.

மூப்பரும் சுருட்டை மறுபடி தொடவில்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள் இளநீரோடு பின்வாசலில் வந்து நிற்பார். "அம்மா, ஐயா பிரசங்கத்தக் கொஞ்சம் தாங்க" என்பார். மனைவி தகரப் பெட்டியைத் திறந்துவிடுவாள். அவர் பழைய தாள் கட்டு ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து, முகத்தில் ஒற்றி, கண்ணை மூடி ஒரு மூச்சு ஆழமாக இழுப்பார். பிறகு மடிப்புக் கலையாமல் திரும்ப வைப்பார்.

"ஐயா, அந்தக் காலத்தில நல்லாத்தான் எழுதியிருக்கிய" என்பார்.